ராத்தா, டிரெடிஷனலா? அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு 401கே வழிகாட்டி

புது வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஹெச்ஆரிடமிருந்து மின்னஞ்சல் வந்துவிடும். திறந்தால், கம்பெனி வழியாகச் சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கான 401கேவின் பதிவுப் பக்கம். அதில் ப்ரீ-டேக்ஸ் (டிரெடிஷனல் என்பதும் இதுவே), ராத் என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். சில கம்பெனிகளில் ஆஃப்டர்-டேக்ஸ் என்று மூன்றாவதும் இருக்கும். எதில் எத்தனை சதவீதம் என்று நாம் நிரப்ப வேண்டும். வீடு பார்ப்பது, கார் வாங்குவது, பிள்ளைக்குப் பள்ளி என்று ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பக்கத்து இருக்கை நண்பர், "ராத் போட்டுடுங்க, பின்னாடி டேக்ஸே கிடையாது" என்பார். நாமும் போட்டுவிடுவோம்.

நானும் போட்டேன். 2018 முதல் 2021 வரை கலிபோர்னியாவில் இருந்தபோது ஒவ்வோர் ஆண்டும் உச்சவரம்பு வரை முழுக்க ராத். நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 76,500 டாலர். நானும் மனைவியும் சம்பாதித்ததில் மத்திய அரசுக்கு 24% அடுக்கு, கலிபோர்னியாவுக்கு 9.3% அடுக்கு. பிறகு டெக்சாஸுக்குக் குடிவந்தோம். இங்கே மாநில வருமான வரி இல்லை. அந்தப் பணத்தை டிரெடிஷனலில் போட்டிருந்தால் கலிபோர்னியாவுக்கு அதற்காக ஒரு டாலர்கூடப் போயிருக்காது. மாநில வரியாக மட்டும் சுமார் 7,115 டாலர் கட்டியிருக்கிறேன், கட்டத் தேவையே இல்லாத வரி. ராத் மோசமான கணக்கு என்று நான் சொல்லவில்லை. எந்த ஆண்டில், எந்த ஊரில் இருந்துகொண்டு போடுகிறோம், எந்த நாட்டில் உட்கார்ந்து எடுக்கப்போகிறோம் என்று பார்க்காமல் போட்டதுதான் தவறு.

முதல் படி: பெட்டிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

டிரெடிஷனல், அதாவது ப்ரீ-டேக்ஸ்: சம்பளத்திலிருந்து வருமான வரி பிடிப்பதற்கு முன்பே பணம் உள்ளே போகும். அந்த ஆண்டு வருமானம் அவ்வளவு குறைந்ததாகக் கணக்கு. பிறகு எடுக்கும்போது போட்டதற்கும் வளர்ந்ததற்கும் சேர்த்து வரி.

ராத்: வரி கட்டிய பிறகு மிஞ்சும் பணம் போகும். 59½ வயதும் ஆகி, கணக்கு தொடங்கி ஐந்து ஆண்டும் ஆகியிருந்தால் எடுக்கும்போது வரி இல்லை, வளர்ச்சிக்கும் இல்லை. டெலவேரைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் வில்லியம் ராத்தின் பெயர் இது. 1997-இல் வந்த சட்டத்தில் முதலில், கம்பெனி இல்லாமல் நாமே திறக்கும் ஓய்வுக்காலக் கணக்கான ஐஆர்ஏவுக்குத்தான் இந்த வகை வந்தது. கம்பெனிகளின் 401கேவில் 2006-இலிருந்துதான் உண்டு. ராத் ஐஆர்ஏவுக்கு வருமான வரம்பு இருக்கிறது. 2026-இல் தனிநபருக்கு 1,53,000 டாலரிலும் தம்பதியருக்கு 2,42,000 டாலரிலும் சலுகை தேயத் தொடங்கும். ராத் 401கேவுக்கு அந்த வரம்பு கிடையாது. எவ்வளவு சம்பாதித்தாலும் போடலாம்.

மூன்றாவது பெட்டியான ஆஃப்டர்-டேக்ஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "ராத்தும் வரி கட்டிய பணம், இதுவும் வரி கட்டிய பணம், இரண்டும் ஒன்றுதானே" என்று நினைத்துவிடுகிறார்கள். ஒன்றல்ல. ஆஃப்டர்-டேக்ஸில் போட்ட முதலுக்கு மறுபடி வரி இல்லை, ஆனால் வளர்ச்சிக்கு முழு வரி உண்டு. அதை ராத்துக்கு மாற்ற உங்கள் திட்டம் அனுமதித்தால் மட்டுமே பயன். அதற்கு மெகா பேக்டோர் என்று பெயர். முதல் இரண்டு பெட்டிகளையும் உச்சவரம்பு வரை நிரப்பிய பிறகுதான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

2026-க்கு, டிரெடிஷனலும் ராத்தும் சேர்ந்து நீங்கள் போடக்கூடியது 24,500 டாலர். இரண்டுக்கும் தனித்தனி வரம்பு இல்லை, பங்கு பிரித்துக்கொள்ளலாம். 50 வயதானவர்கள் கூடுதலாக 8,000, 60 முதல் 63 வயதுக்காரர்கள் 11,250 போடலாம். 2025-இல் அந்தக் கம்பெனியில் 1,50,000 டாலருக்கு மேல் சம்பளம் வாங்கியவர்களுக்கு இந்தக் கூடுதல் தொகை ராத்தில்தான் போக வேண்டும் என்பது 2026 முதல் கட்டாயம். கம்பெனியின் பங்கு, ஆஃப்டர்-டேக்ஸ் எல்லாம் சேர்த்து மொத்த வரம்பு, 50 வயதுக்குக் கீழே, 72,000.

சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் இந்த முடிவால் மாறாது. எந்தப் பெட்டியில் போட்டாலும் அது பிடிக்கப்படும்.

இரண்டாவது படி: மேட்சை விடாதீர்கள்

கம்பெனி எத்தனை சதவீதம் வரை ஈடாகப் போடுகிறதோ, அதுவரையாவது நீங்கள் போடுங்கள். ராத்தா டிரெடிஷனலா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். நீங்கள் ராத் போட்டாலும் கம்பெனி போடும் பங்கு பொதுவாக ப்ரீ-டேக்ஸில்தான் சேரும். 2022-இல் வந்த செக்யூர் 2.0 சட்டம் அதையும் ராத்தாக வாங்கிக்கொள்ள வழி விட்டிருக்கிறது. திட்டம் அனுமதித்தால் செய்யலாம், அந்த ஆண்டே அதற்கு வரி. வெஸ்டிங், அதாவது கம்பெனி போட்ட பங்கு முழுக்க உங்களுக்குச் சொந்தமாவது, எத்தனை ஆண்டு என்பதையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். வேலை மாறும்போது அதுதான் கையைக் கடிக்கும்.

மூன்றாவது படி: உங்கள் கடைசி டாலர் எந்த அடுக்கில் இருக்கிறது?

இதைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

டாலஸில் தனியாக இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2026-இல் சம்பளம் 1,45,000 டாலர். வரி இல்லாமல் கழித்துக்கொள்ளும் நிலையான தொகையான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 16,100 போக 1,28,900. தனிநபருக்கு 2026-இன் அடுக்குகள்: 12,400 வரை 10%, 50,400 வரை 12%, 1,05,700 வரை 22%, 2,01,775 வரை 24%, அதற்கு மேல் 32, 35, 37. இவருடைய வருமானத்தில் 24% அடுக்குக்குள் எட்டிப் பார்ப்பது 1,28,900-இலிருந்து 1,05,700 கழித்தால் வரும் 23,200 டாலர்தான். டிரெடிஷனலில் 23,200 போட்டால் 5,568 டாலர் வரி அந்த ஆண்டே மிச்சம். 24,500-இல் மீதியுள்ள 1,300-ஐ ராத்தில் போட்டால், அதற்கு அவர் கட்டுவது 22% மட்டுமே.

தம்பதியர் சேர்ந்து தாக்கல் செய்தால் டிடக்‌ஷன் 32,200. அடுக்குகள் 24,800, 1,00,800, 2,11,400, 4,03,550 என்று ஏறும். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில் 1,30,000 சம்பளம் என்றால், கழித்துவிட்டுப் பார்த்தால் 97,800. முழுக்க 12% அடுக்குக்குள்ளேயே இருக்கிறார்கள். இப்படிப்பட்ட வீட்டுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு ராத் என்பேன், அமெரிக்காவிலேயே தங்குவது உறுதியாக இருந்தால்.

படிப்பு முடித்து ஓபிடியில் (மாணவர் விசாவில் கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதி) ஆகஸ்டில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டுச் சம்பளம் 90,000 என்றாலும் அந்த ஆண்டு கைக்கு வருவது ஐந்து மாதச் சம்பளமான 37,500தான். டிடக்‌ஷன் போக 21,400, அதாவது 12% அடுக்கு. அடுத்த ஜனவரியிலிருந்து 22% அடுக்குக்கு ஏறிவிடுவீர்கள். அந்த ஐந்து மாதமும் ராத் போடுங்கள். இந்த வாய்ப்பு திரும்ப வராது.

நான்காவது படி: எடுக்கும்போது எந்த அடுக்கு?

முதலில் ஒரு கணக்கு. 10,000 டாலர் சம்பளம், 24% வரி. டிரெடிஷனலில் முழு 10,000 போகும். ராத்தில் வரி போக 7,600 போகும். இருபதுசொச்சம் ஆண்டில் இரண்டும் நான்கு மடங்கானால் 40,000, 30,400. எடுக்கும்போதும் 24% என்றால் டிரெடிஷனலில் கைக்கு வருவது 30,400. இரண்டும் ஒன்றே. "வளர்ச்சிக்கு வரி இல்லை, அதனால் ராத்தான் லாபம்" என்பது அடிக்கடி கேட்கும் வாதம். அது இந்தக் கணக்கிலேயே உடைந்துவிடுகிறது. வித்தியாசம் வருவது விகிதம் மாறும்போதுதான். எடுக்கும்போது 12% என்றால் டிரெடிஷனல் 35,200 தரும். 32% என்றால் 27,200தான்.

இன்னொன்று, போடும்போது மிச்சமாவது உங்கள் மேல் அடுக்கின் வரி. எடுக்கும்போது அப்படியில்லை, வருமானம் அடியிலிருந்து நிரம்பிக்கொண்டு வரும். ஓய்வுபெற்ற தம்பதியர் வேறு வருமானம் இல்லாமல் டிரெடிஷனலிலிருந்து ஆண்டுக்கு 80,000 எடுக்கிறார்கள் என்று வையுங்கள். 2026 விதிப்படி 32,200-க்கு வரியே இல்லை. அடுத்த 24,800-க்கு 10%, மீதி 23,000-க்கு 12%. மொத்த வரி 5,240 டாலர். நூற்றுக்கு ஆறரைதான். போடும்போது நூற்றுக்கு 22, 24 என்று மிச்சம் பிடித்த பணம் இது. நன்றாகச் சம்பாதிக்கும் பெரும்பாலானவர்களுக்கு டிரெடிஷனல் ஜெயிப்பதன் காரணம் இதுவே.

சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் வந்தால் அதில் 85% வரை வரிக்குள் வரலாம், அது மேலே ஏறி உட்காரும். இருவரும் 25 ஆண்டு ஆளுக்கு 24,500 போட்டு, ஆண்டுக்கு 7% வளர்ந்தால் சுமார் 31 லட்சம் டாலர் சேரும். அதில் 4% எடுத்தால் 1,24,000. பென்ஷனையும் சேர்த்தால் 22% அடுக்கைத் தொடுவார்கள். 73 வயதிலிருந்து, 1960-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு 75-இலிருந்து, டிரெடிஷனலில் கட்டாயமாக எடுக்க வேண்டிய தொகையும் உண்டு. ராத் 401கேவுக்கு 2024 முதல் அந்தக் கட்டாயம் நீங்கிவிட்டது. சேமிப்பு பெரிதாகப் பெரிதாக ராத்துக்கும் ஒரு பங்கு வேண்டும் என்பது இதனால்தான்.

உச்சவரம்பு வரை போடுபவர்கள் கவனிக்க இன்னும் ஒன்று. 24,500 ராத் என்பது வரி கட்டி முடித்த 24,500. டிரெடிஷனலின் 24,500-இல் அரசின் பங்கும் உள்ளே இருக்கிறது. டிரெடிஷனலில் மிச்சமான வரிப் பணத்தைத் தனியாக முதலீடு செய்தால்தான் ஒப்பீடு நியாயமாகும். அது கார் தவணையிலோ ஊர்ப் பயணத்திலோ கரைந்துவிடும் என்று தெரிந்தால், ராத் போடுவது உங்கள் சேமிப்பைக் காப்பாற்றும்.

ஐந்தாவது படி: மாநிலம்

1996-இலிருந்து ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது: வேலை பார்த்த மாநிலம், நீங்கள் வேறு மாநிலத்துக்குக் குடிபோன பிறகு எடுக்கும் ஓய்வூதியப் பணத்துக்கு வரி போட முடியாது. எனவே கலிபோர்னியாவிலோ நியூயார்க்கிலோ இருந்துகொண்டு, பின்னால் டெக்சாஸ், ஃபுளோரிடா போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு டிரெடிஷனல் பக்கம் எடை கூடும். இல்லினாய்ஸில் போடும்போது 4.95% மிச்சம், எடுக்கும்போது மாநிலம் வரியே கேட்பதில்லை. சிகாகோ பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் சேர்க்க வேண்டும். பென்சில்வேனியா தலைகீழ். டிரெடிஷனலில் போடும் பணத்துக்கும் 3.07% மாநில வரி பிடித்துவிடுவார்கள். ஓய்வுபெற்று எடுக்கும்போது கேட்க மாட்டார்கள். அங்கே மாநில வரியை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

ஆறாவது படி: ஊருக்குத் திரும்புவீர்களா?

ஆங்கிலத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. ஆனால் கிரீன் கார்டு வரிசையில் பத்து, பதினைந்து ஆண்டு நிற்கும் நமக்கு இதுதான் பெரிய கேள்வி.

ஓய்வுபெற்ற பின் வரி குறையும் என்ற எண்ணம் அமெரிக்க அடுக்குகளை வைத்து வந்தது. இந்தியாவில் புதிய வரிமுறையில் 24 லட்சம் ரூபாயைத் தாண்டினாலே 30%. டாலரில் அது முப்பதாயிரத்துக்கும் குறைவு. கணக்குக்காக டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால், மேலே பார்த்த 80,000 டாலர் 68 லட்சம் ரூபாய். ஒரே ஆளின் வருமானமாக அது வந்தால் சர்சார்ஜ், செஸ் சேர்த்து வரி சுமார் 18.5 லட்சம், அதாவது நூற்றுக்கு 27. அமெரிக்காவில் ஆறரை, இந்தியாவில் இருபத்தேழு. அமெரிக்காவில் 22% மிச்சம் என்று டிரெடிஷனலில் போட்டவருக்கு இந்தக் கணக்கு கசக்கும்.

அப்படியானால் ராத்தானே வழி என்றால், அதுவும் நேரடியாக இல்லை. ராத்துக்கு வரி இல்லை என்பது அமெரிக்கச் சட்டம் தந்த சலுகை. வெளிநாட்டு ஓய்வூதியக் கணக்கின் வளர்ச்சிக்கு ஆண்டுதோறும் வரி கேட்காமல், எடுக்கும்போது மட்டும் கேட்க வகைசெய்து இந்தியா 2021-இல் 89ஏ பிரிவைக் கொண்டுவந்தது. படிவம் 10-இஇ தாக்கல் செய்தால் அமெரிக்கா, பிரிட்டன், கனடா கணக்குகளுக்கு இது பொருந்தும். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது, எடுக்கும்போது அந்த நாட்டில் வரி விதிக்கப்படும் கணக்கைப் பற்றி. ராத்தில் எடுக்கும்போது வரி இல்லை. ஆகவே ராத் இந்தச் சலுகைக்குள் அடங்கும் என்று நம்பி இறங்க முடியாது. ஆண்டுதோறும் வளர்ச்சிக்கு இந்தியாவில் வரி கேட்கப்படும் அபாயம் இருக்கிறது. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுவதால், திரும்புவதற்கு ஓராண்டு முன்பே இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளரைப் பிடித்துவிடுங்கள்.

என் கணிப்பு இது. திரும்புவது உறுதி என்றால் டிரெடிஷனலே நல்லது. ஆனால் எடுக்கும் காலத்தைத் திட்டமிட வேண்டும். நீண்ட நாள் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புபவருக்கு முதல் இரண்டு, சில சமயம் மூன்று நிதியாண்டுகள் ஆர்என்ஓஆர் (இந்தியாவில் குடியிருந்தும் முழு வரிவாசியாகக் கருதப்படாத) நிலை கிடைக்கும். அப்போது வெளிநாட்டு வருமானத்துக்கு, அது முதலில் அமெரிக்க வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தால், பொதுவாக இந்தியாவில் வரி இல்லை. அந்த ஜன்னல் திறந்திருக்கும்போது எவ்வளவு எடுக்கலாம் என்று பாருங்கள். 59½ வயது ஆகாமல் எடுத்தால் 10% அபராதம் சென்னையில் இருந்தாலும் மதுரையில் இருந்தாலும் உண்டு. நீங்கள் அமெரிக்க வரிவாசி இல்லை என்றானபின் கணக்கு நிறுவனம் பொதுவாக 30% பிடித்துக்கொண்டுதான் அனுப்பும். அதிகமாகப் பிடித்ததை அமெரிக்கத் தாக்கல் செய்துதான் திரும்ப வாங்க வேண்டும்.

ஏற்கெனவே ராத் 401கேவில் பணம் வைத்திருந்து கிளம்புகிறவர்கள், வேலையை விட்டதும் அதை ராத் ஐஆர்ஏவுக்கு மாற்றிவிடுங்கள். ராத் 401கேவில் முன்கூட்டி எடுத்தால் முதலும் வளர்ச்சியும் விகிதப்படி கலந்து வரும். வளர்ச்சிப் பங்குக்கு வரியும் அபராதமும். ராத் ஐஆர்ஏவில் நீங்கள் போட்ட முதல் முன்னால் வரும்.

ஏழாவது படி: முடிவு

திரும்புவோமா, தங்குவோமா என்றே தெரியாத நிலைதான் நம்மில் பலருக்கும். அப்போது ஒரு சமச்சீரின்மை உதவும். டிரெடிஷனலில் இருப்பதைப் பின்னால் ராத்தாக மாற்றலாம், அந்த ஆண்டு வரி கட்டிவிட்டு. ராத்தில் போட்டதைத் திருப்பி டிரெடிஷனலாக்க முடியாது. வேலை போய் சில மாதம் வீட்டில் இருக்க நேர்ந்த ஆண்டு, படிக்கப் போன ஆண்டு, துணைவருக்கு வேலை அனுமதி இல்லாமல் ஒற்றைச் சம்பளமாக இருந்த ஆண்டு, இவையெல்லாம் 12% அடுக்கில் ராத்துக்கு மாற்றக் கிடைக்கும் சந்தர்ப்பங்கள். அதனால் 24% அல்லது அதற்கு மேல் இருப்பவர்கள் சந்தேகம் வந்தால் டிரெடிஷனல் போடுங்கள். 12% அல்லது அதற்குக் கீழ் என்றால் ராத். 22%-இல் மாநிலமும் ஊர் திரும்பும் எண்ணமும் முடிவு செய்யட்டும். இரண்டும் ஒன்றும் சொல்லாவிட்டால் பாதிப் பாதி வையுங்கள். எதிர்கால வரி விகிதத்தை யாரும் அறிய முடியாது என்பதால் இரண்டு பானையிலும் அரிசி இருப்பது நல்லதுதான்.

எட்டாவது படி: பதிவு செய்து, சரிபாருங்கள்

தானாகப் பதிவாகும் திட்டங்களில் நீங்கள் எதையும் தொடாவிட்டால் பெரும்பாலும் டிரெடிஷனலில்தான் போய்க்கொண்டிருக்கும், அதுவும் சிறிய சதவீதத்தில். உள்ளே போய் நீங்களே எண்ணை மாற்றுங்கள். ஆண்டு நடுவில் வேலை மாறினால், பழைய கம்பெனியில் போட்டதும் 24,500-க்குள் சேரும் என்று புதுக் கம்பெனிக்குத் தெரியாது. நீங்கள்தான் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

ராத் ஐந்தாண்டுக் கடிகாரம் முதல் தொகை போட்ட ஆண்டின் ஜனவரி 1-இல் தொடங்கும். ராத் ஐஆர்ஏவின் கடிகாரம் தனி. வருமான வரம்புக்குள் இருக்கும்போதே சிறு தொகை போட்டு ஒரு ராத் ஐஆர்ஏ திறந்து வைத்தால், பிறகு 401கேவை அங்கே மாற்றும்போது கடிகாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.

மாற்றம் செய்த பிறகு வரும் அடுத்த பே ஸ்டப்பைத் திறந்து பாருங்கள். ராத் என்றால் வரிக்குரிய சம்பளம் குறைந்திருக்காது. டிரெடிஷனல் என்றால் அந்தத் தொகை கழிந்து குறைந்திருக்கும். ஆஃப்டர்-டேக்ஸ் என்று தனி வரிசை தெரிந்தால், நீங்கள் நினைத்த பெட்டி அதுதானா என்று அன்றே ஹெச்ஆரிடம் கேளுங்கள். அந்தக் காலண்டர் ஆண்டுக்கான பிடித்தம் டிசம்பர் சம்பளத்தோடு முடிந்துவிடும். ஐஆர்ஏபோல ஏப்ரல் வரை அவகாசம் 401கேவுக்கு இல்லை.